கர்ப்பப்பையில் 'பாலிப்': எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள்?

"கர்ப்பப்பையில கட்டி இருக்காம்." நம் வீடுகளில் இந்த வாக்கியம் எழும்பியவுடன் அடுத்த கேள்வி "எப்போ எடுக்கப் போறாங்க?" என்பதாகத்தான் இருக்கும். கட்டியை எடுப்பதா, கர்ப்பப்பையையே எடுப்பதா என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. தமிழில் 'கட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு சங்கதிகளை அடைத்து வைத்திருக்கிறோம். கர்ப்பப்பையின் தசைச் சுவரில் வளர்வது ஃபைப்ராய்டு. சூலகத்தில் நீர் கோத்துக்கொண்டு நிற்பது சிஸ்ட். கர்ப்பப்பையின் உட்புறத் தோலில் முளைத்துத் தொங்குவது பாலிப். நான்காவது, எல்லாரும் பயப்படுகிற புற்றுநோய். நான்குக்கும் சிகிச்சை வேறு வேறு.

இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. பாலிப்பைச் சிலர் 'சதை வளர்ச்சி' என்கிறார்கள். 'கட்டி' என்பதைவிட அது பொருத்தமான சொல்.

மாதந்தோறும் வளர்ந்து மாதவிலக்கில் உதிர்ந்துபோகும் உட்படலம் கர்ப்பப்பைக்குள் இருக்கிறது. அதில் ஓர் இடம் மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்து, தனக்கென்று ஓர் இரத்தக் குழாயையும் வைத்துக்கொண்டு, உதிராமல் நின்றுவிட்டால் அது பாலிப். சில, காம்பில் தொங்கும் சிறு பழம் போல இருக்கும். சில, சுவரோடு ஒட்டி அகலமாக உட்கார்ந்திருக்கும். எள்ளளவிலிருந்து சில சென்டிமீட்டர் வரை வளரும். ஒன்று மட்டும் இருக்கலாம், பலவும் இருக்கலாம். கர்ப்பப்பை வாயில் வளரும் பாலிப் வேறு வகை. அதைச் சாதாரணப் பரிசோதனையிலேயே மருத்துவர் கண்ணால் பார்த்துவிடலாம். உள்ளே இருப்பதை அப்படிப் பார்க்க முடியாது.

பாலிப் அரிதான நோய் அல்ல. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 20 முதல் 74 வயது வரையுள்ள பெண்களை எந்தப் புகாரும் பார்க்காமல் பொதுவாக அழைத்துப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய 100 பேரில் 8 பேருக்குப் பாலிப் இருந்தது. 2009இல் வெளியான அந்த ஆய்வில், பாலிப் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் தெரியவில்லை. மாதவிலக்கு நின்றவர்களிடம் அது இரு மடங்கு அதிகமாக இருந்தது. உடல் பருமனும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய்க்குத் தாமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பாலிப் வரும் வாய்ப்பு கூடுதல்.

எந்த இரத்தப்போக்கு சாதாரணமில்லை?

பாலிப் தன்னைக் காட்டிக்கொள்ளும் வழி பெரும்பாலும் இரத்தம்தான். இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் கறை படுவது, வழக்கத்தைவிட அதிகமாகவோ அதிக நாளோ போவது, உடலுறவுக்குப் பிறகு இரத்தம் காண்பது ஆகியவை அடையாளங்கள். குழந்தைக்காக முயன்றும் தங்காமல் போவதும் சிலருக்கு ஓர் அடையாளம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரு சொட்டு இரத்தம் வந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முறை, இளஞ்சிவப்பாக வந்தாலும் அப்படித்தான். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, இப்படி இரத்தம் வருகிற பெண்களில் ஏறக்குறைய 9 விழுக்காட்டினருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கிறது. மற்ற 91 பேருக்கு இல்லை என்பது நிம்மதியான செய்திதான். ஆனால் தாம் எந்தப் பக்கம் என்பது வீட்டில் உட்கார்ந்திருந்தால் தெரியாது. அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினருக்கு முன்கூட்டியே இப்படி இரத்தம் காட்டியிருக்கிறது. உடல் இவ்வளவு தெளிவாக எச்சரிக்கை கொடுக்கும் புற்றுநோய்கள் அதிகமில்லை.

நம்மிடம் இது தாமதமாவதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. தீட்டு என்று ஒதுங்கிப் பழகிய ஒன்றை 60 வயதில் மகனிடமோ மருமகளிடமோ எப்படிச் சொல்வது? "இந்த வயசுல மறுபடியும் வந்துடுச்சு" என்று சொல்லக் கூச்சப்பட்டு, பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சமாளிப்பவர்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்து அடுக்குமாடி வீட்டிலும் உண்டு. "சூடு", "வேலைக் களைப்பு" என்று காரணம் தேடி வெந்தயத் தண்ணீர் குடிப்பதும் நடக்கிறது. வெந்தயம் கெடுதல் செய்யாது. ஆனால் பாலிப் அதனால் கரையாது.

இன்னொரு காரணமும் நமக்கு உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் பெரியவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மற்ற பெரிய இனங்களைவிட இது அதிகம். நீரிழிவும் பருமனும் கர்ப்பப்பை உட்படலப் புற்றுநோயோடு தொடர்புடையவை. ஆக, இனிப்பு நீருக்கு மாத்திரை எடுக்கும் நம் அம்மாக்கள் இந்த ஒரு சொட்டு இரத்தத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பாலிப்பே புற்றுநோயாக இருக்குமா? பெரும்பாலும் இல்லை. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மாதவிலக்கு நிற்காத வயதில் எடுத்த பாலிப்களில் 2 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றிலும், மாதவிலக்கு நின்றவர்களிடம் எடுத்தவற்றில் 5 விழுக்காட்டைச் சற்றே தாண்டியவற்றிலும் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருந்தது. வயதும் இரத்தப்போக்கும் சேர்ந்தால்தான் மருத்துவர்கள் அவசரம் காட்டுகிறார்கள்.

முதலில் ஸ்கேன்

தொடக்கம் ஸ்கேன்தான். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் சிறிய பாலிப் தப்பிவிடும். பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கருவியை வைத்து எடுப்பது துல்லியமானது. திருமணமாகாத, உடலுறவு அனுபவமில்லாத பெண்கள் அதை முதலிலேயே சொல்லிவிடலாம். அவர்களுக்கு வேறு வழியில் ஸ்கேன் எடுப்பார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, கூடவே ஒரு மிஸ்ஸி நிற்க வேண்டும் என்றோ கேட்பதும் முறையான கோரிக்கைதான்.

எந்த நாளில் ஸ்கேன் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். மாதவிலக்கு வருகிறவர்களுக்கு, விலக்கு முடிந்த கையோடு, அதாவது முதல் நாளிலிருந்து எண்ணினால் 10ஆம் நாளுக்குள், எடுப்பது நல்லது. அப்போது உட்படலம் மெல்லியதாக இருக்கும், பாலிப் தனியாகத் தெரியும். மாதக் கடைசியில் படலம் தடித்திருக்கும்போது எடுத்தால், இல்லாத பாலிப் இருப்பதாகவும் இருப்பது இல்லாததாகவும் தோன்றக்கூடும். தேதி கொடுக்கும்போது உங்கள் கணக்கைச் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. எந்த நாளும் சரி. அவர்களுக்கு உட்படலம் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லியதாக இருந்தால் மருத்துவர் ஓரளவு நிம்மதியடைவார். அதற்கு மேல் தடித்திருந்தால் திசு எடுத்துப் பார்க்கச் சொல்வார். படலம் மெல்லியதாக இருந்தும் இரத்தம் மறுபடி மறுபடி வந்தால் அப்போதும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால், மெல்லிய குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் உப்புநீரைச் சிறிது செலுத்தி ஸ்கேன் எடுப்பார்கள். சுருங்கிய பலூனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது கடினம். கொஞ்சம் ஊதினால் தெரிந்துவிடும். அதே தந்திரம்தான் இது.

பாப் ஸ்மியர் எடுத்தாயிற்று, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. பாப் ஸ்மியரும், இப்போது அதற்குப் பதிலாக எடுக்கும் எச்பிவி பரிசோதனையும் கர்ப்பப்பை வாய்க்கானவை. உள்ளே உட்கார்ந்திருக்கும் பாலிப்பை அவை காட்டா.

கழுவி விடுவது போதுமா?

பழைய தலைமுறைக்குத் தெரிந்த சிகிச்சை 'கழுவி விடுறது'. மருத்துவர்கள் இதை டி அண்டு சி என்பார்கள். கர்ப்பப்பை வாயை விரித்து, கரண்டி போன்ற கருவியை உள்ளே விட்டு, உட்படலத்தைச் சுரண்டி எடுப்பார்கள். மருத்துவர் உள்ளே எதையும் பார்ப்பதில்லை. கையின் உணர்வை நம்பியே சுரண்டுகிறார்.

பாலிப்புக்கு இது சரிவராததன் காரணம் எளிது. காம்பில் தொங்கும் மென்மையான சதை, கரண்டி வரும்போது ஒதுங்கிக் கொடுத்துவிடும். சுவர் முழுவதும் சுரண்டுபட, பாலிப் மட்டும் அப்படியே இருக்கும். சுரண்டிய பிறகு கருவி வைத்துப் பார்த்த ஆய்வுகளில், பாதிக்கு மேற்பட்ட பாலிப்கள் முழுதாகவோ பகுதியாகவோ உள்ளேயே இருந்தன. "கழுவியும் மறுபடி வந்துடுச்சு" என்று சொல்லும் பெண்களில் பலருக்கு அது திரும்ப வரவில்லை, முதலிலேயே போகவில்லை. பாலிப் என்று ஸ்கேனில் தெரிந்த பிறகும் கண்ணால் பார்க்காமல் சுரண்டுவதை மட்டுமே முன்வைத்தால், "உள்ளே பார்த்து எடுக்கும் வசதி எங்கே உண்டு?" என்று கேட்கலாம். அது மருத்துவரை அவமதிக்கும் கேள்வி அல்ல.

உள்ளே பார்த்து எடுப்பது

அந்த வசதியின் பெயர் ஹிஸ்டெரோஸ்கோப்பி. கர்ப்பப்பை உள்நோக்கி என்று தமிழில் சொல்லலாம். 3 முதல் 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள, நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள குழாய் அது. பிறப்புறுப்பு வழியாகவே உள்ளே போகிறது. வயிற்றில் வெட்டு இல்லை, தையல் இல்லை, தழும்பும் இல்லை. உப்புநீரைச் செலுத்திக் கர்ப்பப்பையை விரித்து, திரையில் பார்த்துக்கொண்டே வேலை செய்வார்கள்.

இது நேற்று வந்த கருவி என்று நினைக்க வேண்டாம். 1869இல் பான்டலியோனி என்ற மருத்துவர், மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் போன 60 வயதுப் பெண்ணொருவரின் கர்ப்பப்பைக்குள், சிறுநீர்ப்பையைப் பார்ப்பதற்காகச் செய்த குழாயை விட்டுப் பார்த்தார். உள்ளே இருந்தது பாலிப் போன்ற ஒரு வளர்ச்சி. வெள்ளி நைட்ரேட்டால் அதைச் சுட்டார். மருத்துவ வரலாற்றில் பதிவான முதல் ஹிஸ்டெரோஸ்கோப்பி அதுவே. ஆக, இந்தச் சிகிச்சை பிறந்ததே, கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொன்ன ஒரு 60 வயது அம்மாவால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாலிப்பை எடுக்க இன்று மூன்று முக்கிய வழிகள் இருக்கின்றன. சிறியதாக இருந்தால், குழாய் வழியே செல்லும் சின்னக் கத்தரிக்கோலால் காம்பை வெட்டி, இடுக்கியால் பிடித்து வெளியே எடுப்பார்கள். பெரியதாகவோ அகலமாகவோ இருந்தால், மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் அடியோடு சீவி எடுப்பார்கள். மூன்றாவது, இந்த நூற்றாண்டில் பரவிய சுழல் கத்திக் கருவி. சதையைச் சீவிக்கொண்டே உறிஞ்சி வெளியே அனுப்பிவிடும். வேகமானது, ஆனால் அதன் கத்தி ஒருமுறை மட்டுமே பயன்படுவதால் செலவு கூடும். எதைக் கையாள்வது என்பதைப் பாலிப்பின் அளவும் இடமும், மருத்துவமனையில் இருக்கும் கருவியும், மருத்துவரின் கைப்பழக்கமும் முடிவு செய்யும். எந்தக் கருவி என்பதைவிட, அடிக்காம்பு வரை எடுத்தார்களா என்பதே முக்கியம்.

மயக்க மருந்து வேண்டுமா? சிறிய பாலிப்பை, முழு மயக்கம் இல்லாமல், கிளினிக் அறையிலேயே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் 507 பெண்களை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. ஆறு மாதம் கழித்து இரத்தப்போக்கு சரியானதாகச் சொன்னவர்கள், கிளினிக் முறையில் 73 விழுக்காடு, அறுவைக்கூட முறையில் 80 விழுக்காடு. கிளினிக் முறையில் பாலிப்பை எடுக்க முடியாமல் போனது 19 விழுக்காடு, மற்றதில் 7. ஆனால் கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுந்த நான்கு சம்பவங்களும் அறுவைக்கூட முறையில்தான் நடந்தன. ஒன்று முழுக்க நல்லது, மற்றது முழுக்க மோசம் என்று சொல்ல முடியாது. வலி தாங்க மாட்டேன் என்று நினைப்பவர் முன்கூட்டியே சொல்லி மயக்கம் கேட்பதில் தவறில்லை. கிளினிக் முறையில் செய்பவர்களுக்கு, ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை கொடுப்பது வழக்கம். நடுவில் தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம், நிறுத்துவார்கள்.

பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். ஓரிரு நாளில் வழக்கமான வேலைக்குப் போகலாம். பால்மரம் வெட்டுகிறவர்களும் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களும் மருத்துவ விடுப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில நாள் கறை படுவதும் விலக்கு வலி போல் வலிப்பதும் இயல்பு. இரத்தம் நிற்கும்வரை உடலுறவும் நீச்சலும் வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையுமளவு இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கண்டால் கொடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. ஆனால் குறைவு. சுவரில் துளை, கிருமித்தொற்று, அதிக இரத்தப்போக்கு ஆகியவை நேரலாம். செலுத்தும் நீர் உடலுக்குள் அதிகம் இறங்கினால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பாரமாகும் என்பதால், எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டே இருப்பார்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டியது இதற்காகத்தான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதைச் சொல்ல வேண்டும். தாமாகவே நிறுத்திவிட்டும் வரக்கூடாது.

எல்லாப் பாலிப்பையும் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மாதவிலக்கு வருகிற வயதில், தொல்லை எதுவும் இல்லாமல், 1 சென்டிமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். இப்படிப்பட்டவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஓராண்டில் தானே மறைந்துவிடுகிறது. இரத்தப்போக்கு உள்ளவர்கள், மாதவிலக்கு நின்ற பிறகு அடையாளம் காட்டியவர்கள், தாமோக்சிஃபென் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதே பாதுகாப்பு.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்பெயினில் 2005இல் வெளியான ஆய்வில், பாலிப் இருந்த, செயற்கைக் கருவூட்டலுக்குக் காத்திருந்த பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். பாலிப்பை முழுதாக எடுத்தவர்களில் 63 விழுக்காட்டினர் கருத்தரித்தார்கள். சிறு துண்டு மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டவர்களில் 28 விழுக்காட்டினர். எடுத்தவர்களில் கருத்தரித்த பலருக்குக் கருவூட்டலே தேவைப்படவில்லை. எல்லாக் குழந்தையின்மைக்கும் பாலிப் காரணமல்ல. என்றாலும், ஆயிரக்கணக்கில் செலவு செய்து கருவூட்டலுக்குப் போகுமுன் கர்ப்பப்பைக்குள் ஒருமுறை பார்த்துவிடுவது நியாயம்தானே?

கர்ப்பப்பையை முழுதாக எடுப்பது பாலிப்புக்கான வழக்கமான சிகிச்சை அல்ல. எடுத்த சதையில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருந்தால் அந்தப் பேச்சு வரும். வேறு பெரிய காரணங்களும் இருக்கலாம். "இனிமே அது எதுக்கு, எடுத்துப் போட்டுடுங்க" என்று வீட்டில் சொல்வதை வைத்து முடிவு செய்யக்கூடாது. அது பெரிய அறுவை. தேறப் பல வாரம் ஆகும்.

நீண்ட நாள் இரத்தம் போனவர்கள் இரத்தச் சோகையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தே தாரேக்கோடு விழுங்குவது நம் வழக்கம். தேயிலை இரும்பை உடலில் சேரவிடாது. வெறும் தண்ணீரோடு சாப்பிட்டு, தேநீரை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

பினாங்கில் எங்கே தொடங்குவது?

அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்கலாம். மலேசியர்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார்கள். 'சூராட் ருஜுக்கான்' என்று கேட்டால் எல்லாருக்கும் புரியும். தீவில் இருப்பவர்களுக்கு ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனை. பெருநிலத்தில் செபராங் ஜெயா மருத்துவமனையிலும் மகளிர் நோய்ப் பிரிவு உண்டு. நிபுணர் கிளினிக்கில் கட்டணம் 5 ரிங்கிட். தனியார் மருத்துவரின் கடிதத்தோடு போனால் முதல் முறை 30 ரிங்கிட். மூன்றாம் வகுப்பு வார்டில் தங்க நாளுக்கு 3 ரிங்கிட். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு கூடும் என்பதால், அடையாளப் பத்திரச் சிக்கல் உள்ள குடும்பங்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. தனியாரில் செய்பவர்கள் கருவி, மயக்க மருந்து, ஆய்வுக்கூடம் மூன்றையும் சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வந்த பிறகு தேதி குறிப்பது நல்லது.

மேடானிலிருந்து விமானம் ஏறி மருத்துவம் பார்க்க வருகிற ஊர் இது. நிபோங் திபாலிலிருந்தும் சுங்கை பாக்காப்பிலிருந்தும் வர நாம்தான் தயங்குகிறோம்.

கடிதம் எழுதுகிறவரிடம் "மாதவிலக்கு நின்று எத்தனை வருடம் ஆயிற்று, எப்போது இரத்தம் வந்தது" என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "வயிற்று வலி" என்று மட்டும் சொன்னால் கடிதமும் அப்படியே போகும், தேதியும் தூரமாகக் கிடைக்கும். நின்ற பிறகு வந்த இரத்தம் என்று எழுதினால் முன்னுரிமை கிடைக்கும். கடைசி மூன்று மாதத்தில் இரத்தம் வந்த தேதிகளை ஒரு காலண்டர் தாளில் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. சாப்பிடும் மாத்திரைகளை உறையோடு எடுத்துச் செல்லுங்கள். ஜாமு, நாட்டு மருந்து இருந்தால் அதையும். மலாயோ ஆங்கிலமோ சரளமில்லாத அம்மாக்களோடு மகளோ மருமகளோ போவது நல்லது. மகன்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார் என்றால், அவரை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தமிழ் தெரிந்த தாதியைக் கேட்கலாம். மகன் முன்னால் பாதியை விழுங்கிச் சொல்வதைவிட அது மேல்.

கையெழுத்துப் போடும் பாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் படித்துக்கொள்ளுங்கள். பாலிப்பை எடுப்பதற்கு மட்டுமா, வேறு எதற்குமா என்பது அதில் இருக்கும்.

எடுத்த சதை கட்டாயம் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். முடிவு வரச் சில வாரம் ஆகலாம். இரத்தம் நின்றுவிட்டது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று அந்தத் தேதிக்குப் போகாமல் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது புற்றுநோயா இல்லையா என்ற பதில் அந்தத் தாளில்தான் இருக்கிறது. தேதியைத் தவறவிட்டிருந்தால், அட்டையை எடுத்துக்கொண்டு நாளையே போய் முடிவைக் கேளுங்கள்.